ஒரே எண்ணுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

ஜன்னல் கம்பிக்கு உள்ளேயிருந்து அந்த மனு வெளியே தள்ளப்பட்டது. தள்ளிய கை உடனே உள்ளே போய்விட்டது.

"நிறுத்தி வச்சிருக்கு" என்றாள் பிரிவு அதிகாரி. "விசாரணை முடியுற வரைக்கும் எதுவும் செய்ய முடியாது. அடுத்தவங்க வாங்க."

அக்காவுக்கு அடுத்து வரிசையில் நின்றது பம்பரம் மட்டும்தான்.

"அடுத்தவன் நான்தாங்க" என்றான் அவன். "எனக்கும் அதே மனுதான். அதே பதிலைக் கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொன்னீங்கன்னா வாங்கிட்டுப் போயிடுவேன்."

அதிகாரி அவனை ஒரு தரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கோப்பை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டும் சத்தம் கேட்டது.

அக்கா இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்ச் சாவுகளைக் கண்டுபிடித்தவள். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட பதினோரு பேரை உயிரோடு பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியவள். இப்போது ஒற்றை அறையில் சொந்தமாகத் துப்பறிகிறாள். பம்பரம் அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் பஸ் கண்டக்டர். வாய் காரணமாக வேலை போயிற்று. வாய் மட்டும் போகவில்லை.

"அம்மா, உங்க விதியை நான் குறை சொல்லல" என்றாள் அக்கா. "ஆட்சேபணை மனுவை மனுதாரர் தரப்பு ஆள் பார்க்கலாம்னு அதே விதியில இருக்கு. அஞ்சு நிமிஷம்."

அதிகாரியின் உதடு இறுகியது. விதி தெரிந்த ஆட்களை அவளுக்குப் பிடிக்காது போலிருந்தது. ஒரு தாளைக் கம்பிக்கு அந்தப் பக்கமே விரித்து வைத்தாள்.

"தொடக் கூடாது. பார்க்கலாம்."

ராணுவ ஆவண அலுவலகத்தின் நீளமான கூடத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் ஒருக்களித்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மெக்கானிக். அறுபத்தொரு வயது. இருபத்திரண்டு வருஷம் ராணுவ லாரிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவர். ஒருநாள் அந்த லாரி ஒன்று கண்ணிவெடி மேல் ஏறியது. அப்போது முதுகெலும்புக்குப் பக்கத்தில் புகுந்த இரும்புத் துண்டு இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு, இந்த வருஷம் நகர ஆரம்பித்திருந்தது. அதை எடுக்கத் தெரிந்த சர்ஜன் தலைமை ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார். நாளைக் காலை ஆபரேஷன். நாளை மாலை சர்ஜன் கிளம்பிவிடுவார். அடுத்த தடவை அவர் வருவதற்குள் கால் இரண்டும் செத்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

இன்று மாலை ஐந்து மணிக்குள் மெக்கானிக் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். சேர்ப்பதற்கு ஒரே ஒரு நிபந்தனை: கையில் உள்ள அடையாள அட்டையில் இருக்கும் பேரும், ராணுவப் பதிவேட்டில் இருக்கும் பேரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றாக இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் மெக்கானிக் சட்டப்படி தன் பேரை மாற்றிக்கொண்டார். கோர்ட் பத்திரம், கெஜட், இரண்டு பத்திரிகைகளில் விளம்பரம் எல்லாம் முறைப்படி முடிந்தன. பழைய அட்டையை வாங்கிக்கொண்டு புது அட்டை கொடுத்தார்கள். பதிவேட்டில் மாற்றுவது மட்டும்தான் பாக்கி. அது மூன்று மாதமாக இந்த ஜன்னலுக்கு உள்ளே கிடக்கிறது.

அக்கா தாளைப் படித்தாள். நாலே வரி.

'518247 என்ற ராணுவ எண்ணுக்கும் அதிலுள்ள பெயருக்கும் உண்மையான சொந்தக்காரன் நான். பெயர் மாற்றம் கோரியிருப்பவன் ஆள்மாறாட்டக்காரன். அவன் யாரென்று எனக்குத் தெரியாது. ஆதாரமாக என் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலை இணைத்துள்ளேன்.'

கையெழுத்து. முகவரியை அதிகாரி ஒரு அட்டையால் மறைத்திருந்தாள்.

"கைரேகையை ஒப்பிட்டுப் பார்த்தா ஒரு மணி நேரத்துல தெரிஞ்சிடுமே" என்றான் பம்பரம்.

"ஆய்வகத்துக்கு அனுப்பணும். ரெண்டு மாசம்."

"ஃபோட்டோ?"

"சேர்ந்தப்ப எடுத்தது. காது மட்டும்தான் தெளிவா இருக்கு."

"அங்க அடையாளம்?"

"இடது தோளில் மச்சம்."

"எனக்கும் இருக்கு. நானும் ஒரு ஆட்சேபணை போடலாமா?"

அக்கா இருவரையும் கவனிக்கவில்லை. டிஸ்சார்ஜ் புத்தக நகலின் கடைசிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெஞ்சுக்குப் போனாள்.

"உங்க டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டுங்க."

"எத்தனை பேருக்குக் காட்டுறது?" என்றார் மெக்கானிக். "உங்களைக் கூப்பிட்டது என் பொண்ணு. நான் கூப்பிடல. நான் கேட்டது ஒரு பேரை அடிச்சுட்டு இன்னொரு பேரை எழுதணும்னு. அதுக்குப் போய்த் துப்பறியுறாங்களாம்."

"புத்தகம்."

சட்டைக்குள்ளிருந்து எடுத்து, அவள் கையில் கொடுக்காமல் பெஞ்சின் மேல் வைத்தார். அக்கா கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்தில் ஒரு முத்திரை குத்துவார்கள். இடம் தீர்ந்து, முத்திரை மேல் முத்திரையாக, பக்கமே நீலமாகிக் கிடந்தது.

"உள்ளே இருக்கிற நகல்ல ரெண்டே முத்திரைதான்" என்றாள். "நீங்க ராணுவத்தை விட்டு வெளியே வந்த முதல் வருஷத்துல எடுத்த நகல் அது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி. அந்த முதல் வருஷம் எந்த வீட்ல இருந்தீங்க?"

மெக்கானிக்கின் முகம் கதவு சாத்தியதுபோல் ஆயிற்று.

"ஞாபகம் இல்ல."

"முதுகுல பட்ட தேதியை மணியோட சொன்னீங்க. குடியிருந்த வீடு ஞாபகம் இல்லையா?"

"இல்லன்னா இல்ல. கேசை விட்டுட்டுப் போங்க. என் காலு, நான் பார்த்துக்கறேன்."

*

"தன் காலையே தானே வாரிக்கிற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றான் பம்பரம் காரை எடுத்தபடி.

அக்கா மெக்கானிக்கின் மகளுக்கு ஃபோன் போட்டாள்.

"முதல் வருஷமா?" என்றாள் மகள். "பெரியப்பா வீட்லதான் இருந்தோம். எனக்கு எட்டு வயசு. ஒருநாள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பெரிய சண்டை. மூட்டை முடிச்சோட வெளியே வந்தோம். அதுக்கப்புறம் பேச்சு வார்த்தையே இல்ல. பெரியப்பான்னு வாயெடுத்தா அப்பா சாப்பாட்டு முன்னாடியிருந்து எழுந்துடுவார்."

"பெரியப்பாவோட பேரு?"

"தெரியாதே. வீட்ல 'பெரியவர்'னுதான் சொல்வாங்க. முன்னாள் படைவீரர் சங்கத்துல ஏதோ பதவியில இருக்கார்னு கேள்விப்பட்டேன்."

"அவரும் ராணுவமா?"

"அப்படித்தான் இருக்கணும். இல்லன்னா சங்கத்துல எப்படிப் பதவி கொடுப்பாங்க?"

அக்கா இன்னொன்றும் கேட்டாள். அப்பா ராணுவ நண்பர்கள் யாருக்காவது பேசுவாரா? மாதம் ஒரு தடவை ஒருவருக்கு மட்டும் பேசுவாராம். படைப்பிரிவின் சமையல்காரர். அப்பா அவரை 'உப்பு' என்று கூப்பிடுவார். மகள் அந்த எண்ணை அனுப்பிவைத்தாள்.

சங்கம் ஒரு மாடிக் கட்டடத்தின் முதல் தளத்தில் இருந்தது. கீழே சைக்கிள் கடை. படியேறியதும் சுவரில் பித்தளைப் பலகை. 'தலைவர்' என்று எழுதி, கீழே பேர்.

பம்பரம் அதைப் படித்தான். இன்னொரு தரம் படித்தான். சட்டைப்பையிலிருந்த மனுவின் நகலை எடுத்துப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்தான்.

"அக்கா, நம்ம மெக்கானிக் தூக்கிப் போட்டாரே பழைய பேரு. அது இங்கே வந்து மாட்டியிருக்கு."

"தகப்பன் பேரு?"

"அதுவும் அதேதான். ஒரே அப்பன், ஒரே பேர்ல ரெண்டு பிள்ளை. யோசிக்கச் சோம்பல் பட்ட மனுஷன் போலிருக்கு."

உள்ளே மேஜைக்குப் பின்னால் கோட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் தலைவர். கோட்டில் இரண்டு பதக்கங்கள். அறுபத்து மூன்று வயது இருக்கும். மெக்கானிக்கின் மூக்கையே எடுத்து, எண்ணெய் பிசுக்கு இல்லாமல் துடைத்து வைத்ததுபோல் ஒரு மூக்கு.

வந்த விஷயத்தை அக்கா சொல்லி முடிக்கும் வரை அவர் உட்காரச் சொல்லவில்லை. முடித்த பிறகும் சொல்லவில்லை.

"ஆமா, நான்தான் ஆட்சேபணை போட்டேன். அதுக்கென்ன?"

"யாருன்னே தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. அவர் உங்க தம்பி."

"திருடனுக்கு உறவுமுறை வச்சுக் கூப்பிடுற பழக்கம் எனக்கு இல்ல."

"எதைத் திருடினார்?"

தலைவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழின் நகல், வாக்காளர் அட்டை ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் அதே பேர். அதே பிறந்த தேதி. பம்பரம் மனுவைப் பார்த்தான். ராணுவப் பதிவேட்டிலும் அந்தத் தேதிதான்.

"உன் மெக்கானிக்கிட்ட இதுல ஒண்ணு இருக்கான்னு கேட்டுட்டு வாம்மா" என்றார் தலைவர். "பேரு என்னுது. பிறந்த நாள் என்னுது. அப்போ அந்த எண் யாருது? விளம்பரத்தைப் பேப்பர்ல பார்த்தேன். சரி, எச்சக்கையைக் கழுவிட்டுக் கிளம்பலாம்னு பார்க்கறான், விடக் கூடாதுன்னு முடிவு பண்ணினேன்."

"ராணுவத்துல எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"இருபத்திரண்டு. எங்க ராணுவக் கம்பெனியில என் பேரைச் சொன்னாலே எல்லாரும் விறைச்சு நிப்பாங்க. மேஜர் தினமும் காலையில முதல்ல என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்."

"அதே ஆபீஸ்ல, அதிகாரி முன்னாடி, உங்க தம்பியை வச்சுக்கிட்டு இதைச் சொல்வீங்களா?"

"இப்பவே கிளம்பறேன். உன் கார்ல வரமாட்டேன். என் வண்டியில வரேன்."

படியிறங்கும்போது பம்பரத்துக்கு வாய் அடங்கியிருந்தது.

"அக்கா, காகிதம் பூராவும் அவர் பக்கம். நம்ம ஆளு வீடு ஞாபகம் இல்லைங்கறார். நாம கட்சி மாறிடலாமா? அந்தக் கட்சியில கோட் எல்லாம் கொடுக்கறாங்க."

அக்கா சைக்கிள் கடை ஓரமாக நின்று சமையல்காரருக்கு ஃபோன் போட்டாள். முதலில் மெக்கானிக்கின் பழைய பேரைச் சொன்னாள். அந்தப் பக்கம் ஏதோ எரிச்சலாகச் சொல்வது கேட்டது. அவள் நெற்றி சுருங்கியது. வேறொன்று கேட்டாள். பிறகு மெல்லச் சிரித்தாள்.

"என்ன சொன்னார்?"

"அந்தப் பேர்ல எவனையும் தெரியாதுங்கறார்."

"போச்சு. அதுக்கா சிரிச்சீங்க?"

"அதுக்குத்தான். நாலு மணிக்கு நமக்கு ஃபோன் பண்ணச் சொல்லியிருக்கேன்."

*

மணி மூன்றே முக்கால். அதிகாரி இரண்டு பேரையும் தன் மேஜைக்கு முன்னால் வரவழைத்திருந்தாள். தலைவர் நாற்காலியில். மெக்கானிக்குக் குனிந்து உட்கார முடியாது. சுவரைப் பார்த்தபடி பெஞ்சில் ஒருக்களித்திருந்தார். அண்ணனும் தம்பியும் இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகு ஒரே அறையில் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"எண் சொல்லுங்க."

தலைவர் மூச்சு விடாமல் சொன்னார். எண், படைப்பிரிவு, சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி, மூன்று மேஜர்களின் பேர். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள ஒரு எழுத்து விடவில்லை.

அதிகாரி கோப்போடு ஒப்பிட்டு ஐந்து டிக் போட்டாள். பெஞ்சுப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சேர்ந்த தேதி?"

"ஞாபகம் இல்ல" என்றார் மெக்கானிக். "மழை பெஞ்சுக்கிட்டிருந்தது."

"மழையை எழுத இதுல இடம் இல்ல. மேஜர் பேரு?"

"நாங்க வச்ச பேரா, அவங்க வீட்ல வச்ச பேரா?"

"இது விளையாட்டு இல்ல."

"வலிக்குதும்மா. சீக்கிரம் எழுதி முடிங்க. என்ன வேணா எழுதுங்க."

அதிகாரி பேனா மூடியைக் கழற்றினாள். தலைவர் காலை நீட்டிக்கொண்டார். அக்காவின் ஃபோன் அடித்தது.

"வெளியே போய்ப் பேசுங்க" என்றாள் அதிகாரி.

அக்கா ஃபோனைப் பம்பரத்திடம் கொடுத்தாள். அவன் வாசற்படி வரை போனான். அங்கே நின்று ஸ்பீக்கரை அழுத்தினான்.

இருநூறு பேருக்குச் சோறு போட்ட தொண்டை கூடம் முழுக்க அதிர்ந்தது.

"நாற்பத்தேழு. தட்டு எங்கடா?"

"கழுவிட்டேன், அடுக்கிட்டேன்" என்றார் மெக்கானிக்.

கண் மூடியிருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் திறந்தார். "யார்ரா அது? உப்பா?"

தலைவர் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். கோப்பின் முகப்பைப் பார்த்தாள். 518247.

"அந்தக் கம்பெனியில இதே பேர்ல நாலு பேர்" என்றாள் அக்கா. "பேர் சொல்லிக் கூப்பிட்டா நாலு பேரும் வந்து நின்னிருக்காங்க. அதனால முதல் வாரமே மேஜர் பேரைத் தூக்கிட்டார். எண்ணுல கடைசி ரெண்டு இலக்கம், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் இவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. தினமும் காலையில மேஜர் பேர் சொல்லிக் கூப்பிட்டார்னு இந்த ஐயா சொன்னார். சமையல்காரர் அந்தப் பேரைத் தெரியாதுன்னதும் சந்தேகம் தீர்ந்துபோச்சு. டிஸ்சார்ஜ் புத்தகத்துல அந்த விஷயம் அச்சாகல, அதனால இந்த ஐயா மனப்பாடம் பண்ணல."

அதிகாரி கோப்பைப் பின்னாலிருந்து புரட்டினாள். பழுப்பேறிய ஒரு தாளில் நின்றாள். எந்த உணர்ச்சியும் இல்லாமல் படித்தாள்.

"நாற்பத்தேழு. சாப்பாட்டுத் தட்டை லாரி பெட்ரோலில் கழுவியதற்காக ஏழு நாள் கூடுதல் வேலை." தலையை நிமிர்த்தினாள். "நீங்கதானா?"

"தண்ணி இல்லீங்க."

"அதுக்கு ஏழு நாள் கம்மி" என்றாள் அதிகாரி. பிறகு நாற்காலிப் பக்கம் திரும்பினாள். "அப்போ நீங்க யாரு?"

தலைவர் கோட்டின் நடுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அரசு அலுவலகத்துல பொய் வாக்குமூலம் கொடுத்திருக்கீங்க. பக்கத்து அறையில விசாரணை எண் போட்டு வாங்கிட்டு வரேன். அதோட போலீசுக்குப் போயிடும். பத்து நிமிஷம். யாரும் நகரக் கூடாது."

அவள் போனாள். பம்பரம் கைகளைத் தேய்த்துக்கொண்டான்.

"நாலு மணி அஞ்சு நிமிஷம். ஆஸ்பத்திரிக்குப் பதினஞ்சு நிமிஷம். ஐயா, எழுந்திருங்க, கைத்தாங்கலா..."

"அந்தம்மாவை நிறுத்துங்க" என்றார் மெக்கானிக்.

"என்னது?"

"எண் போட வேண்டாம். போலீஸ் வேண்டாம். அக்கா, போய் நிறுத்துங்க."

ஜெயித்தவனின் முகம் அப்படி இருக்காது. அக்கா பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நாற்பத்தேழு நீங்க. அதுல சந்தேகம் இல்ல. ஆனா அந்தப் பிறப்புச் சான்றிதழும் பொய் இல்ல. அது அவருது. நீங்க அண்ணனோட பள்ளிச் சான்றிதழைக் கொண்டுபோய்ச் சேர்ந்தீங்க. அப்படித்தானே?"

மெக்கானிக் சுவரைப் பார்த்தார். "எனக்கு வயசு பத்தல. ஏழு மாசம் குறைஞ்சுது. வீட்ல ரெண்டு வேளைச் சாப்பாடு கிடையாது. பெட்டியில அவர் சான்றிதழ் இருந்தது. எடுத்துக்கிட்டு ஓடிட்டேன்."

"இப்போ எதுக்கு மாத்தினீங்க? இருந்தபடியே இருந்திருக்கலாமே."

"என் பொண்டாட்டி போன வருஷம் செத்தா. காகிதத்துல புருஷன் பேருன்னு எழுதணும். எழுதினாங்க." நாற்காலிப் பக்கம் தாடையைக் காட்டினார். "இவர் பேரை. அவளை இவர் பொண்டாட்டின்னு எழுதி எரிச்சேன். அன்னிக்கு முடிவு பண்ணினேன், எங்க அம்மா வச்ச பேருக்குத் திரும்பிடறதுன்னு."

பம்பரம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அக்கா கையைக் காட்டினாள்.

"போலீஸ் வந்தா உங்க அண்ணன் உண்மையைச் சொல்வார்" என்றாள். "சொன்னா உங்க இருபத்திரண்டு வருஷமும் மோசடின்னு ஆயிடும். ஆஸ்பத்திரி கிடையாது. கால் கிடையாது. விசாரணை எண் விழறதுக்கு முன்னாடி அவர் ஆட்சேபணையை வாபஸ் வாங்கணும். அப்போ வழக்கே இல்ல. வேற வழி எதுவும் இல்ல." திரும்பினாள். "ஐயா, உங்களைத்தான் சொல்றேன். வாபஸ் வாங்கினா அந்தப் பித்தளைப் பலகையும் இறங்கிடும். பதக்கமும்."

"பதக்கம் இவனுது" என்றார் தலைவர். "சண்டை போட்டு வெளியே போன அன்னிக்கு மறந்து விட்டுட்டுப் போனான். அதுவரைக்கும் நான் கேட்டதெல்லாம் ஒரே ஒரு வார்த்தை. 'எடுத்துட்டுப் போனது தப்பு'ன்னு. சொன்னானா? 'நான் உயிரைக் கொடுத்தேன், நீ காகிதம்தானே கொடுத்த'ன்னான்."

"காகிதம்தானே" என்றார் மெக்கானிக்.

தலைவர் எழுந்தார். முதல் தடவையாகத் தம்பியை நேராகப் பார்த்தார்.

"நீ ஓடின அஞ்சாவது மாசம் மறுபடியும் ஆள் எடுத்தாங்க. நான் பள்ளிக்கூடத்துல நகல் வாங்கிட்டுப் போய் நின்னேன். உனக்கு மட்டும்தான் பசின்னு நினைச்சியா? ஓடச் சொன்னாங்க, ஓடினேன். நெஞ்சை அளந்தாங்க, சரியா இருந்தது. மேஜைக்குப் போனதும் பேரைப் பார்த்தாங்க. பிறந்த தேதியைப் பார்த்தாங்க. 'ஏற்கனவே சேர்ந்துட்டு ஓடி வந்தவனாடா நீ'ன்னு கேட்டாங்க. ரெண்டு நாள் அடைச்சு வச்சு அடிச்சாங்க. என் தம்பி எடுத்துட்டுப் போயிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே வெளியே விட்டிருப்பாங்க. உன்னைப் பிடிச்சு உள்ளே போட்டிருப்பாங்க. சொல்லல. அப்பா வந்து, அதே பேர்ல வேற யாரோன்னு காலைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தார்."

மெக்கானிக் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இதை நீ சொன்னதே இல்லையே."

"நீ லீவுல வந்தப்பல்லாம் ஊரே உன்னைச் சுத்தி நின்னு கதை கேட்டுது. எந்த இடைவெளியில சொல்றது? நானும் பின்னாடி நின்னு கேட்டேன். எல்லாக் கதையும் கேட்டேன். நான் சொல்லிக்கிட்டிருக்கறது அத்தனையும் உன் கதைதான். எனக்குன்னு ஒண்ணு கிடைச்சிருக்க வேண்டியது, கிடைக்கல. பேரு என்னுது. அந்தப் பேர்ல நடந்தது எதுவும் என்னுது இல்ல."

பக்கத்து அறையில் ஒரு முத்திரை விழும் சத்தம் கேட்டது. இன்னொன்று விழுந்தது. எல்லோரும் அந்தக் கதவைப் பார்த்தார்கள்.

தலைவர் விறுவிறுவென்று அந்த அறைக்கு நடந்தார். கதவைத் தட்டாமல் திறந்தார்.

"எண் போட்டாச்சா?"

"மை தொட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள் அதிகாரி.

"நான் வாபஸ் வாங்கறேன்."

அதிகாரி அவரையும், அவர் தோளுக்கு மேலாகத் தெரிந்த பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு மூக்குகளையும் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று முகத்தில் தெரியவில்லை.

"மூணு மாசம் ஒரு நோயாளியை நிறுத்தி வச்சுட்டு, இப்போ வாபஸ். காரணம்?"

"தவறுதலா எழுதிட்டேன்."

"இந்த ஆபீஸ்ல அடுக்கியிருக்கறது எல்லாம் எண்தான்" என்றாள் அவள். "அந்த எண்ணுக்கு ஆள் இவர்தான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கு அது போதும். அதுக்கு மேல யாராவது என் காதுல ஏதாவது போட்டா, நான் அதையும் எழுதவேண்டி வரும். யாரும் போடாதீங்க."

ஒரு படிவத்தை அவர் முன்னால் வீசினாள். அவர் நின்றபடியே நிரப்பினார். ஒரு கட்டத்தை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி அந்தக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

"மனுதாரருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு. காலியா விட்டாச் செல்லாது."

"எதிரின்னு எழுதலாமா?"

"ரத்த உறவு உண்டா, இல்லையான்னுதான் கேட்குது. உண்டுன்னா என்னன்னு எழுதுங்க."

பேனா கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. பிறகு அழுத்தி எழுதினார். அழுத்தியதில் படிவம் அந்த இடத்தில் கிழிந்தே போனது. அதிகாரி கிழிசலை ஒட்டுத்தாளால் ஒட்டி, பேர் மாற்றப் பக்கத்தைத் திறந்து, பழைய பேரை ஒரு கோட்டால் அடித்து, புதுப் பேரை எழுதி, முத்திரை குத்தி, ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தாள். எல்லாம் சேர்ந்து ஆறு நிமிஷம் ஆயிற்று.

மணி நாலு இருபத்தைந்து. பம்பரம் ஒரு பக்கமும் அக்கா மறுபக்கமும் பிடிக்க, மெக்கானிக் எழுந்து நின்றார். தலைவர் கோட்டிலிருந்து பதக்கங்களைக் கழற்றிப் பெஞ்சின் மேல் போட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தார்.

"அண்ணே" என்றார் மெக்கானிக். "நான் எடுத்துட்டுப் போனது..."

"பேசாதே." தலைவர் திரும்பவில்லை. "நாப்பத்து நாலு வருஷம் வச்சிருந்து, இப்போ கத்தி வைக்கப்போறாங்கன்னதும் சொல்றியா? எனக்கு வேணாம். போய்ப் படு. வெட்டிக்க. ரெண்டு காலுல எழுந்து நடந்து என் வீட்டு வாசலுக்கு வந்து, நின்னுக்கிட்டு சொல்லு. இன்னிக்கு நீ செத்துத் தொலைஞ்சா அப்புறம் நான் யார்கிட்டடா சண்டை போடுறது?"